நிபுணருக்கு யார் சாட்சி?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்ந்த குடிகள், பாம்புக்கடிக்கும் எலும்பு முறிவுக்கும் பரிகாரியாரை நாடிச் சென்ற காலத்தில், அவருடைய யோக்கியதையை எந்தப் பத்திரமும் பறைசாற்றியதில்லை. தந்தையிடமோ மாமனிடமோ பயின்ற கைமுறையும், அவரால் பிழைத்தெழுந்தவர்களின் வாய்மொழியுமே அவருக்குப் பிரமாணங்கள். தவறியவரை ஊர் எளிதில் மறக்காது. ஆதலால் அந்தச் சாட்சியத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது. ஆயினும், தோணியேறி வந்த அயலூரான் அதை அறிந்துகொள்வது எவ்வாறு?

வடக்கே மானிப்பாயில் 1848 முதல் டாக்டர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியம் போதித்து, பிற்காலத்தில் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். கொழும்பில் வைத்தியப் பாடசாலை 1870இல் எழுந்தது. 1927ஆம் ஆண்டின் வைத்தியக் கட்டளைச் சட்டம் வைத்தியர்களைப் பதிவுசெய்யும் முறையை வகுத்தது. ஆனால் பதிவேடு ஒருவரை வைத்தியர் என்று மட்டுமே கூறியது. இருதயத்திலோ சத்திர சிகிச்சையிலோ அவர் விசேஷ அப்பியாசம் பெற்றவரா என்பதை அது சொல்லவில்லை. அந்தத் தகுதிக்காக எத்தனையோ பேர் கப்பலேறி லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் சென்று, அங்குள்ள றோயல் கல்லூரிகளின் பரீட்சைகளில் தேறினார்கள், திரும்பாதவர்களும் உண்டு.

நிபுணருக்குச் சான்று வழங்கும் விஷயத்தில் அமெரிக்கர் முந்திக்கொண்டனர்: கண் வைத்தியத்துக்கென 1916இல் ஒரு பரீட்சைச் சபையை நிறுவினர். இலங்கையில் அப்பொறுப்பு, 1980ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திடம் வந்தது. தெரிவுப் பரீட்சை, மேற்பார்வையின்கீழ் பல்லாண்டுப் பயிற்சி, எம்.டி. பரீட்சை, பெரும்பாலான துறைகளில் அந்நிய தேசத்துப் பயிற்சி, இறுதியாகச் சான்றுக்கு முந்திய மதிப்பீடு ஆகியவற்றைக் கடந்தவரையே அத்துறையின் கற்கைச் சபை நிபுணரென ஏற்கிறது. ஒரே பரீட்சையால் நிர்ணயிக்காமல், பயிற்சிக் காலம் முழுவதையும் கணக்கிலெடுத்துக்கொள்வதே இம்முறையின் பெருமை என்பேன். ஊர் அறியாத வைத்தியரைப் பற்றி ஊரார் கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம், அவர்கள் சார்பில் அவரினும் மூத்த நிபுணர்கள் கேட்டு முடித்துவிடுகிறார்கள். கொழும்பு நோயாளிக்குரிய அந்த அளவுகோலே படுவான்கரை உழவனுக்கும் உரியது.

இன்று மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிற்றும் பீடமும் இருக்கிறது. ஆனால் சான்று வழங்குவது நிறுவகம். நிபுணரை எந்த ஊருக்கு அனுப்புவதென்று தீர்மானிப்பது சுகாதார அமைச்சு. வாவிக்கரை வாசகர்கள் இந்த இரண்டாவது விஷயத்திலும் கண் வைத்து, வெற்றிடங்களை நிரப்புமாறு அமைச்சை ஓயாது வற்புறுத்தி வரவேண்டும்.