மோவாசிர் பார்போசா

மோவாசிர் பார்போசா நாசிமெந்து (27 மார்ச் 1921 – 7 ஏப்ரல் 2000) பிரேசிலின் கோல்காப்பாளர். சாவோ பாவுலோ மாநிலத்துக் கம்பினாஸ் நகரில் பிறந்தார். இப்பிராங்கா கழகத்தில் ஆடிவிட்டு 1945இல் ரியோ டி ஜெனிரோவின் வாஸ்கோ ட காமாவுக்கு வந்தார். கால்பந்து வரலாற்றில் அவர் பெயர் பெரும்பாலும் ஒரே ஒரு கோலோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. 1950 ஜூலை 16 அன்று மரக்கானா அரங்கில் உருகுவேயின் கிஜ்ஜா அடித்த கோல் அது. உலகக்கோப்பை கைநழுவியதற்கான பழி ஏறத்தாழ முழுவதும் இந்த ஒருவர் மீது விழுந்தது. அது நியாயமற்றது என்பதற்கு அந்த ஆட்டத்தின் பதிவும் அவருடைய ஆட்டவாழ்வும் சான்றாக நிற்கின்றன.

அவர் சேர்ந்த கழகத்தின் பின்னணி முக்கியமானது. கறுப்பர்களும் ஏழைத் தொழிலாளிகளும் நிறைந்த அணியைக் கொண்டு வாஸ்கோ 1923இல் ரியோ வாகைப் பட்டத்தை வென்றது. அத்தகைய ஆட்டக்காரர்களை விலக்கும்படி கேட்கப்பட்டபோது, 1924இல் கடிதம் எழுதியே மறுத்தது. பார்போசா காலத்து வாஸ்கோ அணிக்கு ‘வெற்றி விரைவு வண்டி’ என்று பெயர். 1945, 1947, 1949 ஆகிய ஆண்டுகளில் ரியோ வாகை அதன் வசமானது. 1948இல் சிலியின் சாந்தியாகோவில் நடந்த தென்னமெரிக்க வாகையர் போட்டியில், தி ஸ்தெஃபானோ ஆடிய அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியைக் கோலின்றிக் கட்டிப்போட்டு வாஸ்கோ பட்டம் பெற்றது. மறு ஆண்டு தென்னமெரிக்க நாடுகளின் போட்டியில் பிரேசில் பராகுவேயை 7-0 என வீழ்த்திக் கோப்பை எடுத்தபோதும் வலைக்கு முன் நின்றவர் பார்போசாதான். 1950இல் அவரைத் தேர்ந்தது நாட்டின் முதன்மையான காப்பாளர் என்பதால்.

அந்த உலகக்கோப்பையில் இறுதிப்போட்டி என்று தனியாக ஒன்று வைக்கப்படவில்லை. நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதும் சுற்றே கடைசிக் கட்டம். ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று நொறுக்கியிருந்த பிரேசிலுக்குக் கடைசி ஆட்டத்தில் சமநிலையே போதும். அதிகாரப்பூர்வக் கணக்கின்படி 1,73,850 பேர் கூடியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே நகர மேயர் ஒலிபெருக்கியில் வீரர்களை வெற்றியாளர்கள் என்று வாழ்த்திப் பேசினார். 47ஆவது நிமிடத்தில் பிரேசிலின் ஃபிரியாசா கோல் அடித்தார். 66ஆவது நிமிடத்தில் வலப்பக்க ஓரத்தில் பிரேசில் தடுப்பாளர் பிகோதேயைக் கடந்த கிஜ்ஜா பந்தை நடுவே அனுப்ப, சக வீரர் ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79ஆவது நிமிடத்தில் கிஜ்ஜா அதே ஓரத்தில், அதே பிகோதேயை மீண்டும் கடந்து வந்தார். முந்தைய கோலைப் போலவே நடுவே தட்டிவிடுவார் என்று கணித்த பார்போசா ஓர் அடி முன்னால் நகர்ந்தார். அவருக்கும் அருகிலுள்ள கம்பத்துக்கும் நடுவே கிடைத்த சந்தில் பந்து நுழைந்தது. பந்தைத் தொட்டுவிட்டதாகவும் அது வெளியே போயிருக்கும் என்று நினைத்ததாகவும் அவர் பிற்காலத்தில் கூறினார்.

அருகிலுள்ள கம்பத்தைக் காப்பது கோல்காப்பாளரின் முதல் பாடம், அதைக் கோட்டைவிட்டவர் பழி ஏற்கத்தான் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. பாடம் சரிதான். ஆனால் பதின்மூன்று நிமிடங்களுக்கு முன் அந்தப் பாடப்படி கம்பத்தோடு நின்றபோதுதான் நடுவே வந்த பந்து கோலானது. அடுத்த முறை இரண்டில் ஒன்றை அவர் ஊகித்தே ஆக வேண்டும். காப்பாளரை அந்த நிலைக்குத் தள்ளியது அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டம். ஒரே ஓட்டக்காரர் ஒரே வழியில் இரண்டாம் முறை தடையின்றி வந்தது எப்படி என்ற கேள்வி பயிற்றுநர் ஃபிளாவியோ கோஸ்தாவையும் சேரும். முன்வரிசைக்கும் பங்கு உண்டு. அந்தப் போட்டியில் ஆறு ஆட்டங்களில் 22 கோல்கள் அடித்த பிரேசில், தேவைப்பட்ட நாளில் ஒன்றோடு நின்றது. பார்போசாவோ ஆறு ஆட்டங்களிலும் சேர்த்தே ஆறு கோல்கள்தாம் விட்டிருந்தார். இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகும் தோல்வியை ஒருவர் தலையில் கட்டுவது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

அன்றாடம் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. 1951 ஏப்ரலில் வாஸ்கோ மொந்தேவிதேயோவுக்கே போய், உருகுவேயின் உலகக்கோப்பை வீரர்கள் பலர் ஆடிய பெனாரோலை 3-0 என வென்றது. 1950, 1952 ரியோ பட்டங்களும், முப்பத்தேழு வயதில் 1958 பட்டமும் அவருக்குக் கிடைத்தன. 1962 வரை ஆடினார். தேசிய அணி மட்டும் 1953இல் ஒரே ஒரு ஆட்டத்துக்கு அழைத்துவிட்டுக் கதவை மூடியது. ஓய்வுக்குப் பின் மரக்கானா வளாகத்திலேயே ஊழியராக வேலை செய்தார். பழைய மரக் கோல்கம்பங்களை வாங்கிப்போய் எரித்தார் என்று ஒரு கதை உண்டு. அது எவ்வளவு உண்மையோ, பலரும் அதை நம்பினார்கள் என்பது உண்மை. 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்றபோது, அவர் வருகை ராசியில்லை என்ற அச்சத்தால் வீரர்களைச் சந்திக்க விடவில்லை. தன் நாட்டில் மிகக் கடுங்குற்றத்துக்கும் முப்பது ஆண்டுதான் தண்டனை, தான் அதையும் தாண்டி அனுபவித்துவிட்டதாக அவர் முதுமையில் சொன்னார்.

நிறவெறிக்கு இதில் பங்கு இல்லை, 1958இல் பெலே, திதி, ஜல்மா சாந்தோஸ் ஆகிய கறுப்பர்களைத்தானே பிரேசில் கொண்டாடியது என்பது இன்னொரு மறுப்பு. கறுப்பு ஆட்டக்காரர்கள் போற்றப்பட்டது உண்மை. 1950 அணியின் ஸிஸின்யோகூடத் தன் புகழை இழக்கவில்லை. எனினும் அன்று பழி சுமந்த பார்போசா, பிகோதே, இன்னொரு தடுப்பாளர் ஜுவெனல் மூவரும் கறுப்பர்கள் என்பதை எழுத்தாளர் மாரியோ ஃபில்யோ தம் ‘பிரேசில் கால்பந்தில் கறுப்பர்’ நூலின் 1964 பதிப்பில் பதிவு செய்தார். கோல் அடிக்கும் கறுப்பரைக் கொண்டாடிய நாடு, கோலைக் காக்கும் கறுப்பரை நம்பத் தயங்கியது. காஸ்தில்யோ, ஜில்மார், ஃபெலிக்ஸ், லெயாவ், தஃபரேல் என்று உலகக்கோப்பைக் காப்பாளர் வரிசை நீண்டது. இடையில் 1966இல் கறுப்பரான மாங்கா போர்த்துகலுக்கு எதிராக ஒரே ஆட்டம் ஆடினார். தோல்விக்குப் பின் அவரும் பழிக்கு ஆளானார். ஓர் உலகக்கோப்பை முழுவதும் முதல் காப்பாளராக ஒரு கறுப்பரைப் பிரேசில் மறுபடி நிறுத்தியது 2006இல், டீடாவை. பார்போசா இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.