பொய்க் கல்யாணம், மெய்க் காதல்: 'மிஸ்ஸியம்மா' பிறந்த கதை

பழவேற்காட்டுக் குப்பங்களைத் தாண்டி ஏரியில் வடக்கே போகப் போக, காதில் விழும் பேச்சில் தெலுங்கு ஏறிக்கொண்டே வரும். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இந்த ஏரிக்கும் எல்லைக்கோடு வந்து சேர்ந்தது. கோடு காயும் முன்பே, தெற்கே வடபழனியில் விஜயா-வாகினி ஸ்டூடியோக்காரர்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு கதையைப் படம் பிடித்தார்கள். 1955 பொங்கலுக்கு அந்தப் பக்கம் 'மிஸ்ஸம்மா', இந்தப் பக்கம் 'மிஸ்ஸியம்மா'.

விதை வங்காளத்தது. ரவீந்திரநாத் மைத்ராவின் 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' நாடகத்தை எடுத்து வந்தவர் சக்ரபாணி. 'அம்புலிமாமா'வை நாகி ரெட்டியோடு தொடங்கிய அதே சக்ரபாணிதான். மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது வங்க மொழி கற்றவர். படத்தை இயக்கியவர் எல்.வி. பிரசாத்.

நாயகி மேரியாக முதலில் நடித்தது பானுமதி. ஒருநாள் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததில் சக்ரபாணியோடு முட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார், அவர் மறுத்தார். எடுத்த நாலு ரீலையும் கொளுத்திவிட்டார்கள் என்பது கோடம்பாக்கம் சலிக்காமல் சொல்லும் கதை. இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரி மேரியானார். அவர் விட்ட இடத்துக்கு ஜமுனா வந்தார்.

தம்பதியாக இருந்தால்தான் வாத்தியார் வேலை. வேலையில்லாத கிறிஸ்தவப் பெண்ணும் இந்துப் பையன் ஜெமினி கணேசனும் புருஷன் பெண்டாட்டி என்று புளுகிவிட்டு ஊருக்குள் நுழைகிறார்கள். இந்தப் புளுகில்தான் படத்தின் சூட்சுமம் என்பேன். கல்யாணத்துக்கு முன் காதலா என்று முகம் சுளிக்கும் பாட்டிகூட இதைச் சிரித்துக்கொண்டே பார்ப்பாள். ஊர் கண்ணுக்கு அவர்கள் தம்பதி அல்லவா! ஆனால் ஊர் பார்க்கக் கொஞ்சவும் மனமில்லை, வாய்விட்டுச் சண்டை போடவும் வழியில்லை. அந்த இக்கட்டில் பாட்டு கைகொடுக்கிறது. எஸ். ராஜேஸ்வர ராவ் இசையில், ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடும் நிலாப் பாட்டில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சந்திரனிடம் புகார் சொல்கிறார்கள். புகார் பட்டியல் நீள நீள, இதுகள் காதலில் விழுந்தாயிற்று என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா பிடித்த அந்த நிலவொளிக்குக் கறுப்பு வெள்ளையே போதுமாக இருந்தது.

1957இல் ஏவி.எம். இதையே இந்தியில் 'மிஸ் மேரி' என்று எடுத்தது. மேரி மீனா குமாரி. பொய்ப் புருஷன் அங்கேயும் ஜெமினிதான்.