கிணற்று நீர் முன்னறிவிக்குமா?

செஞ்சிக் கோட்டையின் வரலாற்றைப் போர்களின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். அதனை நீரின் வரலாறாகவும் படிக்கலாம். சுனைகளும் குளங்களும் இல்லையேல், 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாய முற்றுகையைக் கோட்டை தாங்கியிராது. சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இன்றும் அதற்குச் சான்று. இவ்வட்டாரத்தில் பாறை வெடிப்புகளில் தேங்கும் நீரே கிணறுகளை நிரப்புகிறது. பாறை அசையுமுன் அந்நீர் நமக்கு உணர்த்துமா? 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் எழுந்த அதிர்வை உணர்ந்த நமக்கு, இவ்வினா அந்நியமானதன்று.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. லிஸ்பனில் திருப்பலிக்குக் கூடியிருந்தோர்மேல் ஆலயங்கள் இடிந்து வீழ்ந்தன. அன்றே, நெடுந்தொலைவிலுள்ள பொஹீமியாவின் டெப்லிட்ஸ் வெந்நீர் ஊற்றும் கலங்கியது. நிலத்தடி நீர் அதிர்வை அறியும் என்பதற்கு அது பழைய சான்று. ஆயினும் அது பின்விளைவே, முன்னறிவிப்பன்று.

1975 பிப்ரவரி 4-இல் சீனாவின் ஹைசெங் நகரில் முன்னதிர்வுகளையும் கிணறுகளின் மாற்றங்களையும் கண்டு மக்கள் பலர் வெளியேற்றப்பட்டனர். பல உயிர்கள் தப்பின. ஆனால் 1976 ஜூலை 28-இல் டாங்ஷான் எச்சரிக்கையின்றி அழிந்தது. 2,40,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1995 ஜனவரி 17-இல் ஜப்பானின் கோபே நகரில் 6,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். அதன்பின், அப்பகுதிக் கிணறுகளிலிருந்து நிரப்பி விற்கப்பட்ட குடிநீர்ப் புட்டிகளை அறிஞர்கள் ஆராய்ந்தனர். 1994 ஆகஸ்டு முதலே நீரில் குளோரைடு படிப்படியாக உயர்ந்திருந்தது! செய்தி கடை அலமாரிகளில் இருந்தது, படிப்பார்தான் இல்லை.

நம் நாட்டிலோ மகாராட்டிரத்தின் கொய்னா அணைப்பகுதி 1967 டிசம்பர் 11-இல் பேரழிவைக் கண்டது. அங்கு 2005 மார்ச் 14-இல் நேர்ந்த 5.1 அளவு நடுக்கத்தையொட்டி, ஐதராபாத்துத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வகத்தார் ஆழ்துளைக் கிணற்று நீரின் வேதியியலில் மாற்றம் கண்டனர். பாறை பிளவுறும்போது தனித்தனியே இருந்த நீரடுக்குகள் கலக்கின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

எனினும் நீர் மாறுவதெல்லாம் நடுக்கத்தின் அறிகுறியன்று. மழை, வறட்சி, மிகையான இறைப்பு, உரம் ஆகியனவும் நீரை மாற்றும். கலங்கிய ஒரு கிணற்றைக் காட்டி அழிவை அறிவிப்பவர் ஏழைகளை அச்சத்தால் வீடிழக்கச் செய்வார். எதையும் அளந்து வைக்காத சமூகமோ உண்மையான அறிகுறியையும் இழந்துவிடும். ஆகவே ஊர்தோறும் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் மாதந்தோறும் எழுதி வைப்போம். நிலநடுக்கம் வராவிடினும் அடுத்த வறட்சிக்கு அவ்வேடு வழிகாட்டும்.