கூரை வழி வரும் ஒளி

வீட்டிற்குள் ஒளி புகும் வழிகள் இரண்டு: ஒன்று சுவர் வழி, மற்றொன்று கூரை வழி. சுவரிலுள்ள சாளரத்தை நாள்தோறும் திறக்கிறோம், துடைக்கிறோம். உயரத்திலுள்ளதோ கைக்கு எட்டாதது. ஆதலின் கருத்துக்கும் எட்டாமற் போகிறது. அது ஒரே நாளில் மங்குவதன்று. ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக இருள் புகுந்து, நண்பகலிலும் சமையலறையில் விளக்கேற்றும் நிலை வந்த பின்னரே நாம் அண்ணாந்து பார்க்கிறோம்.

கூரையைத் திறந்து ஒளியை அழைத்த மனிதனிடம், அழையாத விருந்தினராக மழையும் புழுதியும் உடன் வந்தன. அவற்றை அவன் எதிர்கொண்ட வரலாறே கூரைச் சாளரத்தின் வரலாறு எனலாம்.

உரோமாபுரியில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுந்த பாந்தியன் என்னும் கோயில் இன்றும் நிற்கிறது. அதன் குவிமாடத்தின் உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலமுள்ள வட்டத் துளை ஒன்று உண்டு. கண்ணாடி இல்லாமையால் மழை நேரே உள்ளே விழும். கட்டியவர்கள் மழையைத் தடுக்க முயலவில்லை. தளத்தைச் சற்றே சரிவாக்கி, நீர் வடியச் சிறு துளைகளை இட்டனர். நம் முற்றத்து வீடுகளிலும் இவ்வறிவு விளங்குகிறது. வானம் பார்த்த முற்றம், தாழ்வாரத்தினும் தாழ்ந்த தரை, நீர் வெளியேறத் தூம்பு. தூம்பில் சருகு அடைத்தால் முற்றம் குளமாகிவிடும் அன்றோ?

பின்னர்க் கண்ணாடி வந்தது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த தீர்வை 1845-இல் நீங்கியது. 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் அமைத்த பளிங்கு மாளிகையில் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் தகடுகள் பொருத்தப்பட்டன. வெளியே பெய்யும் மழைக்கு ஒரு பள்ளம், கண்ணாடியின் உட்புறத்தில் வியர்த்து வழியும் நீருக்கு இரு சிறு பள்ளங்கள் என ஒரே மரச்சட்டத்தில் அவர் வழி செய்தார். கூரைக் கண்ணாடி உள்ளேயும் நனையும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் நாட்டில் 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். ஒன்றோடொன்று கவ்வி நிற்கும் அவ்வோடுகளின் இடையே, அதே வடிவில் வார்த்த கண்ணாடி ஓட்டினைப் பதித்தால் இருண்ட அறையிலும் பகல் வந்துவிடும். நம்மில் பலர் பள்ளிப் பாடம் படித்தது அத்தகைய சதுர ஒளியில்தான்.

வடநாட்டில் குடியேறிய நமக்குப் பழக்கமான மற்றொன்று ரோஷன்தான். ‘ஒளியின் கலம்’ என்பது அப்பாரசீகச் சொல்லின் பொருள். சாளரத்திற்குப் பழந்தமிழ் இட்ட பெயரோ காலதர், அதாவது காற்றின் வழி. விதானத்தையொட்டிச் சுவரின் உச்சியில் அமைந்த ரோஷன்தான் இவ்விரு தொழிலையும் செய்கிறது: ஒளியை உள்ளே விடுகிறது, மேலெழும் வெப்பக் காற்றை வெளியே அனுப்புகிறது. 1965, 1971-ஆம் ஆண்டுப் போர்க்காலங்களில் விளக்கொளி வெளியே தெரியாதிருக்க வடநாட்டு நகரங்களில் கண்ணாடிகளைத் தாளால் மறைத்தனர். தாளை ஒட்டும்போது ஏணி தேட அச்சம் தூண்டியது; அகற்றும்போது ஏணி தேடத் தூண்டுவது யாது?

ஆகவே ஆண்டுக்கு இரு முறையேனும், கோடைப் புழுதிக் காற்று ஓய்ந்த பின்னும் மழைக்காலம் முடிந்த பின்னும், ஏணியை எடுப்போம். முதலில் உலர்ந்த தூரிகையால் புழுதியைத் தட்டவேண்டும். எடுத்தவுடன் நீர் விட்டால் அது சேறாகும். மணலோடு தேய்த்தால் கண்ணாடி கீறும். அதன் பின் சவர்க்கார நீரும் மென்துணியும் போதும். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். காலை வேளையே ஏற்றது. விளிம்பில் மக்குப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்றும் நோக்குதல் வேண்டும்; ஒழுக்கு அங்கேதான் பிறக்கிறது. கண்ணாடி ஓட்டின்மீதோ அருகிலோ கால் வைத்தலாகாது. ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் கண்ணாடி ஓடு பாசி படர்ந்திருக்கக் கூடும். அடுத்த விடுமுறையில் சென்று கதவைத் திறக்கையில், கூடத்தில் அந்தச் சதுர ஒளி விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையெனில் கதிரவன்மீது குறையில்லை. கழுவுவார் இல்லாமையே குறை.