யார் வீட்டுப் பிள்ளை

பெற்றோரின் கடவுச்சீட்டில் பிள்ளைக்கென்று எழுதப்பட்டிருந்த அந்த ஒற்றை வரி இப்போது நம்மிடையே இல்லை. அது ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடவில்லை. 1998 அக்டோபர் 5 அன்று பிரிட்டன் தன் கடவுச்சீட்டுகளில் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. 2001 டிசம்பர் 11 அன்று கனடா அதே வழியில் போனது. 2012 ஜூன் 26 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், முன்பே எழுதியிருந்த பெயர்களும் செல்லாமல் போயின. இரங்கல் கூட்டம் எங்கும் நடக்கவில்லை. அறிவிப்பைப் பார்க்கத் தவறியவர்களுக்கு, பெட்டிகளைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு விமான நிலையத்துக்கு வந்து நின்றபோதுதான் அந்தச் செய்தி தெரிந்திருக்கும்.

நல்ல வயதில்தான் போயிருக்கிறது. கடவுச்சீட்டு புத்தகமாவதற்கு முன்னால், ஒற்றைத் தாளாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, இன்னார் தம் மனைவி மக்களோடும் பணியாளோடும் பயணம் செய்கிறார் என்று எழுதுகிற வழக்கம் இருந்தது. முதல் உலகப் போர் வந்து, எல்லைகளில் சந்தேகம் குடியேறி, கடவுச்சீட்டில் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்றானபோதும், மடியில் ஒன்றும் தோளருகே ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்பமே சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படத்தைச் சில நாடுகள் மறுக்காமல் ஏற்றன. 1920-இல் பாரிஸில் கூடிய மாநாடு, உலகுக்கெல்லாம் ஒரே மாதிரியான 32 பக்கப் புத்தகத்தை வகுத்தது. அந்த வார்ப்பில் வந்த புத்தகங்களில் மனைவிக்கு ஓர் இடமும், அவருக்குக் கீழே பிள்ளைகளுக்குச் சில கோடுகளும் ஒதுக்கப்பட்டன. அன்றுதான் அந்த வரிக்கு நிலையான வீடு அமைந்தது என்று சொல்லலாம்.

ஒட்டுக்குடித்தனம்தான் அது. ஆனாலும் குறைவில்லாமல் இருந்தது. 'குழந்தைகள்' என்ற தலைப்பு. அதன்கீழ் பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்றே விவரங்கள். படம் கிடையாது, கையெழுத்து கிடையாது. இந்தியக் கடவுச்சீட்டிலும் அந்தப் பகுதி இருந்தது. புத்தகம் வாங்கிய பிறகு பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போக, அலுவலர் பேனாவைத் திறந்து பெயரை எழுதி, முத்திரை வைத்துக் கொடுப்பார். அதனால்தான் பழைய புத்தகங்களில் மூத்தவளின் பெயர் ஒரு மையிலும் இளையவனின் பெயர் வேறொரு மையிலும், இருவேறு கையெழுத்துகளில் இருக்கின்றன. அதற்கும் கீழே, இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காக ஓரிரு கோடுகள் வெறுமையாகக் காத்திருக்கும்.

அந்த வரி செய்த ஊழியத்தை நாம் அறிவோம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்களுக்கு ஒரு புத்தகம், ஒரு கட்டணம், ஒரு வரிசை என்பது சிறிய உதவியாக இருந்திருக்காது. கைக்குழந்தையை வெள்ளைத் துணியில் கிடத்தி, கழுத்து நிற்காத தலையை நேராக்கி, அது கண் திறக்கும் கணத்துக்காகக் காத்திருந்து படம் பிடிக்கும் பாடு அன்றைய தாய்க்கு இல்லை. அதிகாரி புத்தகத்தைப் பார்ப்பார், மேடைக்கு மேலே எட்டாத தலைகளைத் தேடி எழுந்து எட்டிப் பார்ப்பார், வரிகளையும் தலைகளையும் எண்ணிச் சரிபார்த்து முத்திரையைக் குத்துவார். இடுப்பில் இருக்கும் பிள்ளை இவளுடையது என்று தாய் சொன்னால் அதை நம்பிய காலம் அது.

ஊரும் நாடும் கைவிட்டவர்களையும் அது கைவிடவில்லை. 1951-இல் ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கையின் இணைப்பில், அகதியின் பயண ஆவணத்தில் அவருடைய பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றும், விதிவிலக்கான நிலையில் வேறொரு வளர்ந்த அகதியின் ஆவணத்திலும் சேர்க்கலாம் என்றும் எழுதிவைத்தார்கள். பெற்றவர் இல்லாமல் போன பிள்ளைக்கு உடன்வந்த ஒருவருடைய புத்தகத்தில் இடம் கொடுக்க முடிந்த வரி அது. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து சிதறிப்போய், மேலட்டையின் மூலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் போட்ட அந்தப் பயண ஆவணத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு, ஒரு புத்தகத்துக்குள் எத்தனை பேர் வாழ முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குறை இல்லாத பெரியவர் இல்லை. பிள்ளைக்கு மேலே மனைவிக்கென்றும் ஓர் இடம் இருந்ததே, அதை மறைக்க முடியாது. கணவனின் புத்தகத்தில் பெயராக மட்டும் இருந்த பெண், அவன் இல்லாமல் அதைக் கொண்டு எல்லையைக் கடக்க முடியாது. அவன் மட்டும் அவள் இல்லாமலும் கடப்பான். பிள்ளையின் நிலையும் அதுவே. தாயின் புத்தகத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்தால் தந்தையோடு போக வழியில்லை. அந்தப் புத்தகத்துக்கு உரியவர் அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டால் பிள்ளை இருந்த இடத்தில் இருக்க வேண்டியதுதான். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த வரிக்கு முகம் இல்லாதது. ஐந்து வயதுப் பெண் என்று எழுதியிருந்தால், ஐந்து வயதுப் பெண் எவளையும் அந்த வரியில் நிறுத்திவிடலாம். பிரிந்த பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போகிற துயரம் 1980-இல் தனி உடன்படிக்கையே தேவைப்படும் அளவுக்கு வளர்ந்தபோது, தாயின் சொல்லை நம்பியிருந்த வரிக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அதே 1980-இல்தான், இயந்திரம் படிக்கும் கடவுச்சீட்டுக்கான இலக்கணத்தைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வெளியிட்டது. பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள், வரிக்கு 44 குறிகள். அதற்குள் ஒருவரின் பெயர், எண், நாடு, பிறந்த தேதி எல்லாம் அடங்க வேண்டும். இன்னொருவருக்கு அதில் இடமில்லை. எட்டிப் பார்த்துத் தலையை எண்ணும் வழக்கம் இயந்திரத்துக்கும் இல்லை. பிறகு ஒரே ஒருவருடைய முகத்தைச் சுமக்கும் சில்லு வந்தது. தலைக்கு ஒரு கடவுச்சீட்டு என்பது விதியாயிற்று. அந்த வரியை யாரும் கோபத்தோடு வெளியேற்றவில்லை. வீட்டை இடித்துக் கட்டியபோது பெரியவருக்கு அறை வைக்க மறந்துவிட்டார்கள்.

இன்று நம் பிள்ளைகளுக்குச் சொந்த முகத்தோடு சொந்தப் புத்தகம் இருக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் அந்த முகத்துக்காக ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாகவும் கிடைக்கிறது. அது நல்லதுதான். ஆனால் புதிய ஊரில் கால் வைக்கிற குழந்தையைப் பார்த்து நம் திண்ணைகள் முதலில் கேட்டது "நீ யார்" என்றல்ல, "யார் வீட்டுப் பிள்ளை" என்றுதான். மறைந்த வரி அந்தக் கேள்விக்கு விடை வைத்திருந்தது. பிள்ளை யார் என்று காட்டத்தான் அதற்குத் தெரியவில்லை. பிள்ளையின் தனிப் புத்தகம் அது யார் என்று துல்லியமாகச் சொல்கிறது. யாருடையது என்று சொல்ல, பிரிட்டன் போன்ற நாடுகளின் புத்தகத்தில் ஓர் எழுத்தும் இல்லை. அதனால்தான் பிள்ளையோடு தனியே பயணப்படும் தாய், குடும்பப் பெயர் வேறாக இருந்துவிட்டால், பிறப்புச் சான்றிதழையும் தந்தையின் சம்மதக் கடிதத்தையும் கைப்பையில் வைத்துக்கொள்கிறாள். ஒரு வரி செய்துவந்த வேலையை இன்று இரண்டு தாள்கள் செய்கின்றன.

மூலை வெட்டி ரத்து செய்யப்பட்ட அம்மாவின் பழைய கடவுச்சீட்டைப் பலரும் இன்னும் எறியாமல் வைத்திருக்கிறார்கள். அதன் முத்திரைகள் அம்மாவின் பயணங்கள் என்றுதான் நினைத்திருந்தோம். எந்த ஆண்டில் எந்த நாட்டுக்குள் வந்தாய் என்று வளர்ந்த பிறகு ஏதோ ஒரு விண்ணப்பம் நம்மைக் கேட்கும்போது பீரோவைத் திறந்து அதைத்தான் எடுக்கிறோம். நாம் முதன்முதலாகக் கடல் தாண்டிய நாள் நம் பெயரிலுள்ள எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளுடைய முத்திரைக்குள் இருக்கிறது.