இழுத்த நாயும் ஏறிய நாயும்

தென்கொரியாவின் பெரிய இணைய வணிக நிலையங்களுள் ஒன்றாகிய ஜிமார்க்கெட்டின் 2023ஆம் ஆண்டு முதல் ஒன்பது மாத விற்பனைக் கணக்கு உலகப் பத்திரிகைகள் பலவற்றிலும் பேசப்பட்டது. அங்கு விலைபோன தள்ளுவண்டிகளுள் நூற்றுக்கு 57 நாய் முதலிய வளர்ப்புப் பிராணிகளுக்குரியவை, 43 குழந்தைகளுக்குரியவை. நாயை வண்டியில் அமர்த்தி வீதியிற் தள்ளிச் செல்வது அறிவுடைமையா, பேதைமையா என்ற வினா இதனையொட்டிப் பல நாடுகளிலும் எழுந்தது. பெரும்பாலோர் இதனை வேடிக்கையாகவே கொண்டனர். நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை. அதே ஆண்டில், அந்நாட்டின் பொருளாதார, சமூக, தொழில் மன்றத்துக்குத் தலைவராயிருந்த கிம் மூன் சூ, இளைஞர் ஒருவரையொருவர் நேசியாது நாயை நேசித்துச் சுமந்து திரிகின்றனர், மணஞ் செய்வதுமில்லை, மக்களைப் பெறுவதுமில்லை என்ற கருத்துப்படப் பேசினார். ஒரு தேசத்தின் பிறப்பு வீழ்ச்சிக்கு நாயைக் காரணமாக்கும் பேச்சு அதிகார பீடத்திலிருந்து எழும்போது, அப்பேச்சின் வரலாற்றையும் வண்டியின் வரலாற்றையும் சிறிது துருவிப் பார்த்தல் தகும்.

முதலில் குற்றச்சாட்டின் வயதை நோக்குவோம். கிரேக்க ஆசிரியர் புளூட்டாக், பெரிக்கிளிசின் வாழ்க்கை வரலாற்றை ஒரு சிறு நிகழ்ச்சியுடன் தொடங்குகிறார். ரோமாபுரியில் செல்வந்தரான அந்நியர் சிலர் நாய்க்குட்டிகளையும் குரங்குக்குட்டிகளையும் மார்போடணைத்துக் கொஞ்சித் திரிவதைக் கண்ட சீசர், அவர்தம் நாட்டில் மாதர் பிள்ளை பெறுவதில்லையோ என வினவினாராம். இச்சீசர் ஒகஸ்ரஸ் என்றே அறிஞர் பலர் கொள்வர். கி.மு. 18இலும் கி.பி. 9இலும் சட்டமியற்றி, மணஞ்செய்யாதோரும் மக்கட்பேறற்றோரும் பிறர் மரணசாசனத்தால் சொத்துப் பெறுவதை மட்டுப்படுத்தியவர் அவர். கி.பி. 9ஆம் ஆண்டுச் சட்டம் எந்த இரு கொன்சல்களின் பெயரைப் பெற்றதோ அவ்விருவரும் மணமாகாதவர்கள், பிள்ளையற்றவர்கள் என்று வரலாற்றாசிரியர் டியோ எழுதிவைத்தது வாசிப்போர்க்கு இன்றும் நகை தருவது. ஆயினும் இதனுள் நகைக்கு இடமில்லாத செய்தியும் ஒன்றுண்டு. ரோமாபுரியின் அடிமைகளுக்குச் சட்டப்படி மணமே கிடையாது. அடிமைப் பெண் பெற்ற பிள்ளை அவளது எசமானின் உடைமை. மக்கட்பேறு பற்றிய மன்னனின் கவலை யாருடைய மக்களைப் பற்றியது என்பதை இதனின்றும் உணரலாம்.

அடுத்து பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து. மருத்துவர் ஜோன் கையஸ் 1570இல் பிரித்தானிய நாய்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய சிறுநூல் 1576இல் ஆங்கிலமாயிற்று. சீமாட்டிகள் மடியில் வைத்தும் படுக்கையிற் கிடத்தியும் வண்டியிற் செல்லும்போது கொஞ்சியும் மகிழும் குறுநாய்களை அந்நூல் கடுமையாக எள்ளுகிறது. ஆகவே வண்டியேறிய நாய் நம் காலத்துப் புதுமையன்று. அக்காலத்தை ஒட்டி இங்கிலாந்து நாட்டு வருணனை எழுதிய பாதிரியார் வில்லியம் ஹரிசனும் இதே ஏளனத்தைத் தொடர்கிறார். ஆனால் அவர் ஒன்று கூட்டிச் சொல்கிறார். நாய்க்கு நல்லுணவு ஊட்டப்படும் அவ்வீட்டு வாயிலில் நிற்கும் ஏழையின் பிள்ளைக்குக் கடையுணவும் அரிதாயிற்று என்பதே அது. நாயைக் கண்டு சிரித்தோர் அக்காலத்தில் பலர். வாயிலில் நின்ற பிள்ளையையும் கண்ட ஹரிசனை நாம் வேறாக வைத்து எண்ணவேண்டும்.

கையசின் நூலிலேயே இன்னொரு நாயும் இடம்பெறுகிறது. அது சமையற்கட்டு நாய். சுவரிற் பொருத்திய சக்கரத்தினுள் அதனை ஏற்றிவிடுவர். அது ஓட ஓடச் சக்கரம் சுழலும். சக்கரத்தோடு பிணைத்த கம்பி சுழன்று அடுப்பின்முன் இறைச்சி ஒரு சீராக வேகும். பொறிகள் அவ்வேலையை ஏற்றதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாய் மறைந்தொழிந்தது. அவ்வினத்தின் நாயொன்று பதனிடப்பட்ட உடலாக வேல்சிலுள்ள அபர்கவென்னி நூதனசாலையில் உள்ளது. குறுகிய கால்களும் நீண்ட உடலுமாக, உழைப்புக்கென்றே வளர்த்தெடுத்த உருவம் அது. மடிநாயும் சக்கர நாயும் ஒரே மாளிகையின் மேல்மாடியிலும் அடுக்களையிலுமாக வாழ்ந்தன. நாய்களுக்குள்ளும் வர்க்கம் இருந்தது என்று மாணவருக்கு நாம் சொல்லும்போது அவர்கள் சிரிப்பதுண்டு. சக்கரத்தை விளக்கியபின் சிரிப்பதில்லை.

தெருவிலும் நாய் உழைத்தது. இலண்டனில் இறைச்சி விற்போர், ரொட்டி விற்போர், சாணை பிடிப்போர் முதலிய குதிரை வாங்க வகையற்ற சிறு வணிகர் நாயையே வண்டியிற் பூட்டினர். 1839ஆம் ஆண்டு மாநகரப் பொலிஸ் சட்டம், 1840 ஜனவரி முதல் சாறிங் குறொஸிலிருந்து 15 மைல் தூரத்துக்குள் இதனைத் தடை செய்தது. 1854ஆம் ஆண்டுச் சட்டம் தடையை நாடெங்கும் விரித்தது. நாய்பட்ட துன்பம் உண்மை. அதிக வேலையால் நாய்க்கு விசர் பிடிக்கும் என்ற தவறான அச்சமும் அக்காலத்தில் இருந்தது. ஆயின் தடை வந்ததும், வேலையற்ற நாய்க்குத் தீனி போட இயலாத ஏழைகள் பலர் அவற்றைக் கொன்றனர். பெல்ஜியத்தில் தடை இல்லை. அங்கு நாய்கள் தொடர்ந்து பால்வண்டி இழுத்தன, 1914இல் படையின் இயந்திரத் துப்பாக்கிகளையும் இழுத்தன.

இங்கிலாந்தில் நாயின் கழுத்திலிருந்து நுகம் நீங்கி முப்பது ஆண்டளவில், 1880களில், அதே முடியாட்சியின்கீழ் இருந்த கொழும்பு வீதிகளுக்கு றிக்ஷோ வந்தது. அதனிற் பூட்டப்பட்டவன் மனிதன். பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ்த் தொழிலாளி. ஒரு நாட்டில் நாய் இழுக்கலாகாத வண்டியை அந்நாட்டின் குடியேற்ற நாட்டில் மனிதன் இழுக்கலாம் என்பது எவருக்கும் முரணாகப் படவில்லை போலும்.

குழந்தை வண்டியின் கதையும் இழுவையிலேயே தொடங்குகிறது. 1733 அளவில் டெவன்ஷயரின் மூன்றாம் கோமகனது பிள்ளைகளுக்காக வில்லியம் கெண்ட் அமைத்ததாகக் கூறப்படும் சிப்பி வடிவ வண்டி, ஆடு போன்ற சிறு விலங்கைப் பூட்டி இழுப்பதற்கானது. விலங்கு இழுக்கக் குழந்தை ஏறியது அன்று. விலங்கு ஏற மனிதர் தள்ளுவது இன்று. இடையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பின்னின்று தள்ளும் வண்டி பரவியபோது அதனைத் தள்ளும் பணி கூலிக்கு அமர்த்திய தாதியின் கைக்குச் சென்றது. நம் காலிமுகத் திடலின் உலாவு பாதை 1859இல் முடிவுற்றதும், தேசாதிபதி சேர் ஹென்றி வாட் அதனைக் கொழும்பு நகரச் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதித் தமக்குப் பின்வருவோரின் கவனத்துக்கு விட்டுச் செல்வதாகக் கல்லிற் பொறித்து வைத்தார். அக்குழந்தைகளின் வண்டியைத் தள்ளியவர்கள் ஆயாமார். அவர்கள் திடலில் நின்ற பொழுதில் அவர்தம் பிள்ளைகள் யார் பொறுப்பில் இருந்தன என்பதைக் கல் கூறவில்லை.

நாய்மீது காட்டும் இரக்கம் குழந்தைக்குரிய இரக்கத்தைத் திருடிக்கொள்கிறது என்பது ஒகஸ்ரஸ் காலந்தொட்டு வரும் வாதம். இதற்குச் சான்றாக ஒரு கணக்கைக் காட்டுவோர் உண்டு: இலண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது 1824இல், குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது 1884இல். அறுபது ஆண்டு இடைவெளி வெட்கத்துக்குரியதே. ஆனால் அவ்விரண்டாம் இயக்கத்தின் பிறப்பைப் பாருங்கள். லிவர்பூலில் விலங்குவதைத் தடுப்புச் சங்கக் கூட்டமொன்றில் நாய்களுக்குப் புகலிடம் அமைக்கக் கேட்ட உதவியே, வதைபடும் குழந்தைகளுக்கும் ஒரு புகலிடம் வேண்டும் என விரிந்தது. 1883இல் அந்நகரில் குழந்தைகளுக்கான சங்கம் உருவாயிற்று. இலண்டன் அடுத்த ஆண்டு அதனைப் பின்பற்றியது. குழந்தையை ஆலைக்கும் சுரங்கத்துக்கும் அனுப்பியது வேறு கை. அக்கை நாய்க்கும் இரங்கியதில்லை.

இனி வினாவுக்கு நேரே விடை கூறலாம். மூட்டுவாதத்தால் நடை தளர்ந்த முதிய நாயை, அறுவைச் சிகிச்சை பெற்ற நாயை, தட்டை முகத்தால் வெப்பத்தில் மூச்சுத் திணறும் இனத்து நாயை வண்டியில் ஏற்றுவது அறிவுடைமையே. சியோல் நகரச் சுரங்கப் புகையிரதத்தில் பெட்டியுள் அடைத்தாலன்றி வளர்ப்புப் பிராணியை ஏற்ற இயலாது. மூடிய பெட்டியாகக் கழற்றியெடுக்கத்தக்க வண்டி அந்நகரவாசிக்குப் பயன்படும். நடக்கவல்ல நாயை நாள்தோறும் வண்டியில் அடைப்பது பேதைமை. நாய் உலகை அறிவது மூக்கால். மண்ணையும் மரத்தடியையும் மோந்து செல்லும் நடையே அதற்கு உலா. அலங்கார வண்டியில் அமர்ந்த நாய் உரிமையாளரின் அந்தஸ்தைக் காட்டும் பொருளாகிறது. அவ்வளவில், கையசின் காலத்து மடிநாய்க்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே.

இப்பேதைமைக்கும் பிறப்பு வீழ்ச்சிக்கும் என்ன தொடர்பு? தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்கு எதிர்பார்க்கப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை 0.72, உலகில் மிகக் குறைந்த வீதங்களுள் ஒன்று. அவ்வாண்டில் பள்ளிப் பிள்ளைகளின் தனியார் பயிற்சி வகுப்புகளுக்குப் பெற்றோர் செலவிட்ட தொகை 27 இலட்சம் கோடி வொன்னுக்கு மேல். சியோலில் வீடு வாங்குவதோ, பெருந்தொகை முற்பணம் கட்டி வாடகைக்கு எடுப்பதோ சம்பளத்தை நம்பிய இளந்தம்பதியருக்கு எட்டாத காரியமாயிற்று. மகப்பேற்றின்பின் வேலையை இழந்த, அன்றி முன்னிருந்த நிலைக்கு மீளமுடியாத பெண்கள் மிகப் பலர். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்ப முடியாத ஒருவருக்கு நாயும் கடினமான பொறுப்பே; குழந்தை எத்தகையது என்று கூறவேண்டியதில்லை.

2023 மார்ச்சில் அந்நாட்டு அரசு, வாரத்துக்கு 52 மணி என்றிருந்த வேலைநேர உச்சவரம்பை 69 மணிவரை உயர்த்த இடந்தரும் திட்டமொன்றை முன்வைத்தது. இளைஞரும் தொழிற்சங்கங்களும் வெகுண்டெழவே, மறுபரிசீலனை என்ற பெயரில் பின்வாங்கியது. நாயைச் சுமக்கும் இளைஞரைப் பற்றிய பேச்சு எழுந்ததும் அதே ஆண்டிலேதான். பேசிய கிம் மூன் சூ தம் இளமையில் தொழிலாளர் இயக்கத்தில் நின்று 1986இல் சிறைசென்றவர். 2024 ஆகஸ்டில் அவர் தொழில் அமைச்சராக நியமிக்கப்பட்டார்.