வெளிமூச்சின் ஆட்சி: குரவையும் முத்துக்குளிப்பும் தொய்வும்

1. கருத்து

சுவாசம் என்றதும் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒட்சிசன். உள்ளே இழுப்பதுதான் வேலை, வெளியே விடுவது வெறும் கழிப்பு என்று பள்ளிப் பருவத்திலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் மூச்சின் வேகத்தை ஆளுவதும், குரலுக்கு இடம் தருவதும், தொய்வில் பெரிதும் தடுமாறுவதும் வெளிமூச்சின் பக்கமே.

2. ஓய்வில் மூச்சு

பிரிமென்றகடு சுருங்கித் தாழ, விலா எலும்புகள் உயர, மார்புக் குழி விரிந்து காற்று உட்புகுகிறது. இதற்குத் தசை உழைக்க வேண்டும். ஓய்வாக இருக்கையில் வெளிவிடுதலுக்கு அந்த உழைப்பு இல்லை. விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையாலேயே சுருங்கிக்கொள்கிறது. ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர். அதில் 150 வரை சிற்றறைகளை எட்டாமல் குழாய்களிலேயே நின்றுவிடும். முழுவதும் ஊதித் தீர்த்த பின்னும் ஒரு லீற்றருக்கு மேல் காற்று உள்ளே எஞ்சும்.

3. குரவை

செட்டிபாளையம் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய எழுவான்கரை ஊர். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கின்போது இப்பகுதிப் பெண்கள் எழுப்பும் குரவை, உடலியல் பாடநூலுக்கு வெளியே கிடைக்கும் நல்ல சான்று. சட்டென்று ஓர் இழுப்பு. பிறகு நீண்ட வெளிமூச்சு. தொடக்கத்தில் நிறைந்த நுரையீரல் வேகமாகச் சுருங்கப் பார்க்கும். அப்போது உள்ளிழுக்கும் தசைகளே தளராமல் நின்று, காற்று ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. காற்றுக் குறையக் குறைய வயிற்றுத் தசைகள் அழுத்தத் தொடங்கும். பிடித்தல், தள்ளுதல் என்னும் இந்தக் கைமாற்றம் ஒலியில் ஒரு வெட்டும் விழாமல் நடக்கிறது. தாய்க்குப் பக்கத்தில் நின்று பழகும் சிறுமிக்கு இதை யாரும் விளக்குவதில்லை. விளக்கினால் ஒருவேளை வராமலும் போகலாம்!

4. மன்னார், ஒக்ஸ்போர்ட், 1905

1905இல் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு பெருவிளைச்சல் தந்தது. கல் கட்டிய கயிற்றோடு இறங்கியவர்கள் ஒரு நிமிடத்தை ஒட்டி நீரடியில் சிப்பி சேர்த்தார்கள். அவர்களை மேலே வரத் தூண்டியது எது? அதே ஆண்டில் ஒக்ஸ்போர்டில் ஜோன் ஸ்கொட் ஹால்டேனும் பிறீஸ்ட்லியும் வெளியிட்ட ஆய்வு விடை சொல்கிறது: சிற்றறைக் காற்றில் காபனீரொட்சைட்டு 0.2 சதவீதம் கூடினாலே ஓய்விலுள்ளவரின் சிற்றறைக் காற்றோட்டம் இருமடங்காகிறது.

குருதியிலிருந்து அவ்வாயு மூளையைச் சூழ்ந்த பாய்மத்துக்குள் கசிந்து அதன் அமிலத்தன்மையைக் கூட்ட, நீள்வளைய மையவிழையத்தருகே உள்ள உணரிகள் உடனே மூச்சை முடுக்குகின்றன. ஒட்சிசனைக் கவனிக்கும் கழுத்து நாடி உணரிகள், அதன் அழுத்தம் 100இலிருந்து 60 மில்லிமீற்றர் இரசம் வரை இறங்கும்வரை அவ்வளவாகப் பதறுவதில்லை. ஆபத்தும் இங்கேதான். மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்செறிந்தால் ஒட்சிசன் அதிகம் சேர்வதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் வெளியேறுகிறது. மேலே வா என்னும் தூண்டல் பிந்துகிறது. அதற்குள் ஒட்சிசன் குறைந்து, நீருக்குள்ளேயே நினைவு தப்பலாம். வாவியிலும் குளத்திலும் மூச்சடக்கிப் போட்டி போடும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டியது இது.

5. தொய்வு

வாவியின் மறுகரையான படுவான்கரை வயல்களில் சூடடிக்கும்போது பறக்கும் தூசியும் சுணையும், அடுப்படி விறகுப் புகையும் தொய்வுக்காரரை வாட்டும். மூச்சுச் சிறுகுழாய்களைச் சுற்றிய தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி அடைக்கும். உள்ளிழுக்கையில் மார்பு விரிவதால் இக்குழாய்கள் சற்றே திறக்கும். வெளிவிடுகையில் மேலும் ஒடுங்கும். விசிலொலி கூடுதலாக வெளிமூச்சில் கேட்பது இதனால்தான். முந்திய மூச்சு முழுக்க வெளியேறாமல் அடுத்ததற்கு இடமில்லை. "இழுக்க முடியல்ல" என்று நோயாளி சொல்வது பெரும்பாலும் ஏற்கெனவே நிறைந்துபோன மார்பைத்தான். சிகிச்சை நிலையத்தில் குழலைக் கொடுத்து இழுக்கச் சொல்லாமல் பலமாக ஊதச் சொல்வதும், முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வெளியேறியது என்று அளப்பதும் இக்காரணத்தாலேயே. சல்பியூற்றமோல் மருந்து அந்த இறுகிய தசையைத் தளர்த்துகிறது. வீக்கத்தைத் தணிப்பது அதன் வேலையன்று. அதற்குத் தினமும் எடுக்கும் ஸ்ரீரொயிட் இழுமருந்து வேண்டும். மூச்சு சீரானதும் பலர் முதலில் நிறுத்துவது அதைத்தான்.